எலும்பும் உலோகமும்

மனித உடம்பின் எலும்புகளுள் நீளத்தாலும் வலிமையாலும் முதன்மை பெற்றது தொடையெலும்பு. உடற்பாரத்தை இடுப்பிலிருந்து வாங்கி முழங்காலுக்குக் கொடுப்பது அதுவே. அதன் மேல்முனை பந்துபோல் உருண்டு, இடுப்பெலும்பிலுள்ள கிண்ணத்தில் அமர்ந்து சுழல்கின்றது. பந்துக்கும் தண்டுக்கும் இடையே சாய்ந்து நிற்கும் ஒடுங்கிய பகுதியைக் கழுத்து என்பர். இளமையில் பேரிடியையும் தாங்கவல்ல இக்கழுத்து, முதுமையில் எலும்பு சத்திழந்தபின், வாசற்படியிற் கால் இடறிய அளவிலேயே முறிந்துவிடுதல் உண்டு.

முறிந்தால் என்ன? கை முறிந்தவர் கையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு உலாவலாம். தொடை முறிந்த முதியவரோ படுக்கையிற் கிடத்தல் வேண்டும். கிடந்தால் முதுகிற் படுக்கைப் புண் தோன்றும். நுரையீரலிற் சளி கட்டி நியுமோனியா பற்றும். காலின் நாளங்களில் இரத்தம் உறையும். எலும்பு முறிந்ததனாலன்றிப் படுத்ததனாலேயே முதியோர் இறந்தனர் என்றால் அது மிகையன்று. தொடையெலும்புச் சத்திரசிகிச்சையின் வரலாறு முழுவதையும் ஒரு வகையில் முதியவரைப் படுக்கையினின்று எழுப்பும் முயற்சியின் வரலாறு எனலாம். அம்முயற்சி பெருவெற்றி கண்டது. வெற்றி கண்ட அவ்விடத்திலேயே, முன்னோர் கண்டறியாத புதியதொரு முறிவும் பிறந்தது. அதனைச் சொல்லுமுன் பழையதைச் சிறிது சொல்லுதல் வேண்டும்.

பதினாறாம் நூற்றாண்டிலே பிரான்சில் வாழ்ந்த அம்புறோஸ் பாரே என்னும் இரண வைத்தியர், கழுத்து முறிவை மூட்டு விலகல் என்று மயங்குதல் எளிது என்பதை எழுதிவைத்தார். 1822ஆம் ஆண்டில் இலண்டன் நகரத்துச் சேர் அஸ்லி கூப்பர் மூட்டுக்களின் முறிவுகள் பற்றித் தாம் வெளியிட்ட நூலில், மூட்டுறைக்கு உள்ளே நிகழும் முறிவையும் வெளியே நிகழும் முறிவையும் வேறு பிரித்துக் காட்டினார். உள்ளே முறிந்தால் பந்துக்குச் செல்லும் இரத்தம் தடைப்படுகின்றது. ஆதலின் அது பெரும்பாலும் பொருந்துவதில்லை என்பது அவர் கண்ட உண்மை. எனவே முதியவரை நெடுநாட் கிடத்தி வதைத்தல் வேண்டா. சில கிழமைகளில் எழுப்பி ஊன்றுகோல் கொடுத்துவிடுக என்பது அவருடைய அறிவுரை. கால் போனாலும் ஆளைக் காப்பாற்றுக என்னும் அந்த நோக்கு, அக்கால அளவிற்குப் பெரிதும் நேர்மையானது.

தொடையின் தண்டு முறிந்தோருக்கு லிவர்பூல் நகரத்து ஹியூ ஓவன் தோமஸ் என்பவரின் இரும்புச் சட்டம் வாய்த்தது. மரபாக எலும்பு கட்டும் குடும்பத்தில் வந்தவர் அவர். முழங்கால் நோய்க்கென்று அவர் ஆக்கிய சட்டத்தை, அவருடைய மருமகனான றொபேட் ஜோன்ஸ் முதலாம் உலகப் போரில் தொடை முறிந்த போர்வீரருக்கு அணிவித்துப் பல்லாயிரம் உயிர்களைக் காத்தார். எனினும் சட்டமும் பாரம் கட்டி இழுத்தலும் படுக்கையை விட்டு எழுப்பும் வழிகள் அல்ல.

எலும்பைத் திறந்து உள்ளே உலோகத்தை இடுவதற்கு மூன்று கண்டுபிடிப்புக்கள் முன்னே வரவேண்டியிருந்தன. 1846இல் மயக்க மருந்தும், 1867இல் லிஸ்ரர் காட்டிய கிருமியொழிப்பு முறையும், 1895இல் றொன்ற்ஜன் கண்ட எக்ஸ் கதிரும் வந்தன. அதன் பின்னர் 1925இல், அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே, நோர்வேயிற் பிறந்த சிமித் பீற்றர்சன் என்பவர் மூன்று இதழ்களையுடைய உருக்காணியொன்றைக் கழுத்தினூடே செலுத்திப் பந்தைத் தண்டோடு பிணைத்தார். ஜேர்மனியின் கீல் நகரத்தைச் சேர்ந்த கெர்ஹாட் குன்ச்சர் மேலும் துணிந்தார். எலும்பின் நடுவே மச்சை நிறைந்த நீண்ட குழியொன்று உண்டு. அக்குழியினுள்ளே ஆணியை நெடுகச் செலுத்தினால் முறிந்த எலும்பு உள்ளிருந்தே தாங்கப்படும் என்று கண்டு, 1940இல் பேர்லினிற் கூடிய சத்திரவைத்தியர் அவையில் அதனை எடுத்துரைத்தார். அவையோர் ஐயுற்றனர். பகை நாட்டாரோ, ஜேர்மனியிற் சிறைப்பட்டு மீண்ட தம் வீரரின் தொடைகளைப் படம் பிடித்தபோதுதான், உள்ளே நீண்டு கிடந்த உலோகத்தைக் கண்டு வியந்தனர். போர்ச் செய்தி எவ்வளவோ வழிகளிற் பரவும். தொடைக்குள்ளே பரவிய செய்தி இஃதொன்றே போலும்!

எலும்பின் குழிக்குள் உலோகத்தை இடலாம் என்பது நிலைபெற்றதும், பொருந்தாத பந்தையே அகற்றிவிட்டுச் செயற்கைப் பந்து வைத்தால் என்ன என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1940இல் ஒஸ்ரின் மூர், ஹறல்ட் போல்மன் என்னும் இருவர், தொடையெலும்பின் மேற்பகுதியிற் கட்டி கண்ட ஒரு நோயாளிக்கு, விற்றாலியம் என்னும் கலப்புலோகத்தால் அப்பகுதியையே வார்த்து வைத்தனர். 1946இல் பாரிசைச் சேர்ந்த ஜூடே சகோதரர் அக்கிறிலிக் பிளாத்திக்கினாற் பந்து செய்தனர். அது தேய்ந்தது, உடைந்தது, கிறீச்சிடவும் செய்தது. அத்தகைய மூட்டுடைய ஒருவர் அசையும்போதெல்லாம் எழுந்த ஒலியைப் பொறாது அவர் மனைவி அறையைவிட்டே அகன்றுவிடுவார் என்று ஒரு கதை வழங்குகின்றது. அக்கதை ஜோன் சாண்லி என்னும் ஆங்கிலச் சத்திரவைத்தியரின் செவிக்கு எட்டியது. பிறர் நகைத்து விட்டிருப்பர். அவரோ, கிறீச்சொலி எழுமாயின் உராய்வு மிகுதி; உராய்வு மிகுமாயின் தண்டு எலும்பினின்றும் கழன்றுவிடும் என்று எண்ணத் தொடங்கினார்.

சாண்லி 1911இல் லங்காஷயரிலுள்ள பெரி என்னும் ஊரிற் பிறந்தவர். முறிந்த எலும்புகளை வெட்டாமலே பொருத்தும் முறைபற்றி 1950இல் அவர் எழுதிய நூல் பெரும் புகழ் பெற்றது. வெட்டாமற் பொருத்துவதில் வல்லவரான அவரே வெட்டி மாற்றுவதிலும் தலைவரானது வியப்புக்குரியது. முன்னர்க் கசநோயாளர் தங்கிய றைற்றிங்ரன் வைத்தியசாலையை அவர் தம் ஆய்வுக்களமாகக் கொண்டார். உலோகத்தாலான சிறிய பந்து. வழுவழுப்பான பிளாத்திக்குக் கிண்ணம். இரண்டையும் எலும்போடு இறுக்குதற்குப் பல்வைத்தியர் கையாளும் அக்கிறிலிக் சீமெந்து. இம்மூன்றுமே அவர்தம் முறை.

கிண்ணத்துக்கு முதலில் அவர் தேர்ந்தது ரெஃப்லோன் என்னும் பொருள். ஏறத்தாழ 300 நோயாளருக்கு அதனைப் பொருத்திய பின்னர், அது விரைந்து தேய்வதும், தேய்ந்த துகள்கள் சுற்றியுள்ள தசையைக் கெடுப்பதும் தெரியவந்தன. பொருத்தியவற்றையெல்லாம் தாமே மீண்டும் திறந்து அகற்ற வேண்டிய நிலை அவருக்கு நேர்ந்தது. அந்நிலையில், 1962ஆம் ஆண்டிலே, நெசவாலைப் பொறிகளுக்குப் பற்சில்லு செய்யப் பயன்படும் பொலியெதிலீன் துண்டொன்றை விற்பனையாளர் ஒருவர் கொணர்ந்தார். சாண்லி அதனை நகத்தாற் கீறிப் பார்த்து, இது பயன்படாது என்று ஒதுக்கினார். அவருடைய பட்டறையிற் பணிபுரிந்த ஹரி கிறேவன் என்னும் தொழில் வல்லுநர் அவ்வாறு ஒதுக்கவில்லை. சாண்லி வெளிநாடு சென்றிருந்த வேளையில் அதனைத் தேய்வுப் பொறியில் ஏற்றி நாட்கணக்கில் ஓடவிட்டார். அது தேயவில்லை என்றே சொல்லத்தக்க அளவிற் சிறிதே தேய்ந்தது. திரும்பி வந்த சாண்லி, தவறு செய்து தண்டனையும் பெற்றவர் ஆதலின், இம்முறை இருபொருளின் சிறு துண்டுகளையும் தம் தொடையிலேயே புகுத்தி மாதக்கணக்கிற் காத்திருந்து பார்த்தார். ரெஃப்லோன் இருந்த இடம் வீங்கியது. மற்றையது அமைதியாக இருந்தது. 1962 நவம்பரில் தொடங்கிய அப்பொலியெதிலீன் கிண்ணமே பிற்காலத்து இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சைக்கெல்லாம் அடிப்படையாயிற்று. 1977இல் சேர் பட்டம் பெற்ற சாண்லி 1982இற் காலமானார். புகழெல்லாம் அவருக்கே சென்றது. பட்டறையில் நின்ற கிறேவனுக்கும் அதில் ஒரு பங்கு உண்டென்பதை மறத்தல் தகாது.

நடக்க முடியாதிருந்தோர் நடந்தனர். நோவால் உறங்காதிருந்தோர் உறங்கினர். அவ்வாறு எழுந்து நடந்தவர்கள் பின்னும் பத்தாண்டு, இருபதாண்டு வாழ்ந்தனர், மேலும் முதிர்ந்தனர், அவர்களும் ஒருநாள் வழுக்கி விழுந்தனர். இம்முறை முறிந்தது கழுத்தன்று. கழுத்துத்தான் முன்னரே அகற்றப்பட்டுவிட்டதே! உலோகத் தண்டைச் சுற்றியுள்ள எலும்பும், தண்டின் நுனி முடியும் இடத்து எலும்பும் முறிந்தன.

இது ஏன் நிகழ்கின்றது என்பதைக் கமக்காரர் ஒருவரைக் கேட்டால் உடனே விளக்குவார். மண்வெட்டிப் பிடி எங்கே ஒடிகின்றது? இரும்புப் பூணுக்குள் இறுகியிருக்கும் பகுதி பெரும்பாலும் ஒடிவதில்லை. தனியே நிற்கும் நடுப்பகுதியும் எளிதில் ஒடிவதில்லை. இரும்பு முடிந்து மரம் தொடங்கும் அந்த விளிம்பிலேதான் ஒடிகின்றது. விறைப்பான பொருளும் வளையத்தக்க பொருளும் சந்திக்கும் எல்லையில் விசை முழுவதும் வந்து குவிகின்றது. உலோகம் விறைப்பானது, எலும்பு சிறிது வளைந்து கொடுப்பது. தண்டின் நுனி அத்தகைய எல்லை. மேலும் பாரத்தின் பெரும்பங்கை உலோகமே தாங்குவதனால், சுற்றியுள்ள எலும்பு வேலையற்றிருந்து மெலிகின்றது. வேறொரு கேடும் உண்டு. கிண்ணத்திலிருந்து தேய்ந்து உதிரும் நுண்டுகள்களை அழிக்கப் புகும் உடம்பின் உயிரணுக்கள், அருகிலுள்ள எலும்பையும் அரித்துவிடுகின்றன. தொடக்கத்தில் இதனைச் சீமெந்தினால் வந்த நோய் என்று பெயரிட்டு, சீமெந்தையே பழித்தனர். சீமெந்து இல்லாத மூட்டுக்களிலும் அதே அரிப்புக் கண்டபோதுதான் குற்றம் துகள்களுடையது என்பது தெளிவாயிற்று.

சீமெந்தைப் பழித்ததன் விளைவும் ஒன்று உண்டு. 1980ஆம் ஆண்டுகளிற் சீமெந்தின்றி, தண்டையே எலும்பினுள் இறுக அறைந்து பொருத்தும் முறை பரவியது. ஆப்புச் செலுத்துவோர் அறிவர். சிறிது மிகுந்தால் மரம் பிளக்கும். 1999இல் வெளியான மேயோ வைத்திய நிலையத்துக் கணக்கின்படி, முதன்முறை மூட்டு மாற்றும்போது சத்திரசிகிச்சை மேசையிலேயே தொடையெலும்பு வெடித்தமை, சீமெந்திட்டோரில் 1000க்கு 3 பேருக்கும், சீமெந்து இடாதோரில் 1000க்கு 54 பேருக்கும் நிகழ்ந்தது. மேசையில் வெடித்ததை அங்கேயே கண்டு கம்பியாற் கட்டிவிட்டால் பெரும்பாலும் தீங்கில்லை. காணாது விட்டதே பின்னர்ப் பெருமுறிவாகும்.

செயற்கை மூட்டைச் சூழ்ந்த இம்முறிவு 1954இலேயே வைத்திய ஏடொன்றிற் பதிவாயிற்று. 1964இல் பரிஷ், ஜோன்ஸ் என்போர் இத்தகைய 9 நோயாளரைத் தொகுத்து எழுதினர். அக்காலத்துச் சத்திரவைத்தியருக்கு இது பெருந்தலையிடி. குன்ச்சரின் ஆணியைச் செலுத்தலாமோ எனின், குழிக்குள் ஏற்கெனவே உலோகத்தண்டு அமர்ந்திருக்கின்றது. தகடு வைத்துத் திருகாணி முறுக்கலாமோ எனின், திருகாணி உள்ளே புகுந்து அத்தண்டிலே முட்டி நிற்கின்றது. ஆதலின் பலர் பழைய வழிக்கே திரும்பினர். காலில் பாரம் கட்டி, முதியவரைக் கிழமைக்கணக்காய்ப் படுக்கையில் இட்டனர். எந்தப் படுக்கையினின்று எழுப்புதற்காக நூறாண்டு உழைத்தார்களோ, அதே படுக்கை! எலும்பு சில வேளைகளிற் பொருந்தியது, ஆயின் கோணலாய்ப் பொருந்தியது, தண்டு கழன்றது, நோயாளி தளர்ந்தார்.

இங்கும் சாண்லியே ஒரு நம்பிக்கை ஊட்டினார். சீமெந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் எலும்பு முறிந்தாலும் பொருந்தும் என்பதை 1966இல் எழுதிய கட்டுரையிற் காட்டினார். எலும்பு பொருந்துமாயின், அது பொருந்தும்வரை அசையாது பிடித்திருக்க ஓர் உபாயமே வேண்டும். 1978இல் ஒக்டன், றென்டல் என்போர் நீண்ட தகடொன்றை எலும்பின் புறத்தே வைத்து, தண்டு உள்ள மேற்பகுதியில் உலோகப் பட்டிகளாற் கட்டியும், தண்டில்லாத கீழ்ப்பகுதியில் திருகாணிகளால் முறுக்கியும் காட்டினர். பெட்டியை ஆணி அறையாது பட்டியாற் கட்டுவது போன்றது இது. பட்டிகளின் இடத்தைப் பின்னர் முறுக்கிய கம்பி வடங்கள் பெற்றன. இறந்தோர் கொடையாக அளித்த எலும்பை நீளவாக்கிற் பிளந்து, முறிவின் இருமருங்கும் சிம்புபோல் வைத்துக் கட்டுவதும் வழக்காயிற்று. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், திருகாணியின் தலையும் தகட்டின் துளையும் ஒன்றோடொன்று புரிகளாற் பூட்டிக்கொள்ளும் தகடுகள் வந்தன. எலும்பு நொய்ந்திருந்தாலும் அவை எளிதில் இளகுவதில்லை.

கருவி வளர்ந்தது. ஆயினும் தகடு வைத்தோர் பலருக்குத் தகடே உடைந்தது. காரணம் யாது? முறிவைப் பார்த்தவர்கள் தண்டைப் பாராது விட்டனர். வீட்டுக் கூரை சரிந்தால் வளைந்த மரத்தைமட்டும் மாற்றினாற் போதுமா? அதனைத் தாங்கும் தூண் மண்ணிலே ஆடுகின்றதா என்று பார்த்தல் வேண்டாவா?

இந்தக் கேள்வியை முறையாக நடுவில் வைத்தவர்கள் கனடாவின் வன்கூவர் நகரத்து டங்கன், மஸ்றி என்னும் இருவர். 1995இல் அவர்கள் வகுத்த பாகுபாடு உலகெங்கும் வழங்குகின்றது. முறிவு எவ்விடத்தது? தண்டு இறுகியிருக்கின்றதா, ஆடுகின்றதா? எஞ்சிய எலும்பு நல்லதா, நைந்ததா? மூன்று வினாக்கள்; வேறொன்றுமில்லை. தண்டின் நுனிக்கு நெடுந்தூரம் கீழே முறிந்தால் மூட்டைத் தொடாது எலும்பை மட்டும் பொருத்தலாம். தண்டைச் சுற்றி முறிந்தும் தண்டு இறுகியிருந்தால் தகடும் வடமும் போதும். தண்டு ஆடுமாயின் தகடு உதவாது. பழைய தண்டைக் களைந்து, முறிவைக் கடந்து எலும்பின் விட்டத்தைப் போல் இருமடங்கு தூரமேனும் கீழிறங்கும் நீண்ட தண்டை இடுதல் வேண்டும். அப்போது அத்தண்டே குன்ச்சரின் ஆணி செய்த வேலையையும் செய்துவிடுகின்றது. இதற்கு ஏற்ற கருவியை ஜேர்மனியைச் சேர்ந்த ஹைன்ஸ் வாக்னர் 1987இலேயே ஆக்கியிருந்தார். நுனி நோக்கி ஒடுங்குவதும், நெடுகக் கூரிய வரம்புகளை உடையதுமான ரைற்றேனியத் தண்டு அது. மேலே எலும்பு சிதைந்திருந்தாலும் கீழேயுள்ள நல்லெலும்பில் அவ்வரம்புகள் கவ்விக்கொள்ளும். எலும்பு மிகவும் நைந்துபோனவர்க்கு, தொடையின் மேற்பகுதி முழுவதையும் உலோகத்தால் மாற்றுகின்றனர். ஏறத்தாழ மூரும் போல்மனும் 1940இற் செய்ததே அது!

வன்கூவர்ப் பாகுபாடு தாளில் எளிது, படத்தில் அரிது. ஆடும் தண்டும் எக்ஸ் கதிர்ப் படத்தில் அசையாது தானே நிற்கும்? இவ்வுண்மையை வெளிக்கொணர்ந்தது சுவீடன் நாடு. அங்கே 1979ஆம் ஆண்டு முதல் இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சைகளைப் பதிவுசெய்யும் நாடளாவிய பதிவேடொன்று பேணப்பட்டு வந்தது. வைத்தியர் தம் வெற்றியைப் பறைசாற்றுதல் எங்கும் உள்ளதே. தோல்வியை எண்ணிக் கணக்கெழுதி ஊரறிய வைத்தல் அருமையிலும் அருமை. அப்பதிவேட்டில் 1979 முதல் 2000 வரை காணப்பட்ட 1049 முறிவுகளை லின்டால் என்பவரும் அவர்தம் துணைவரும் 2005இல் ஆராய்ந்து வெளியிட்டனர். முதன்முறை மூட்டு மாற்றியோருள் முறிவு நேர்ந்தவர்களிற் பெரும்பாலோருக்கு, விழுந்தபோதே தண்டு கழன்றிருந்தது என்பது தெரியவந்தது. அதாவது விழுந்தமையால் தண்டு கழலவில்லை. கழன்ற தண்டு எலும்பை அரித்து நொய்வித்திருந்தமையால், சிறு வீழ்ச்சியும் முறிவாயிற்று. இறுகியது என்று கருதித் தகடு வைக்கப்பட்டோர் பலருக்குத் தண்டு உண்மையில் ஆடிக்கொண்டிருந்திருத்தல் கூடும் என்றும், தகடுகள் தோற்றமைக்கு அதுவே காரணமாகலாம் என்றும் அவர்கள் எழுதினர்.

முறிந்தவரின் உயிர் எவ்வளவு இடரில் உள்ளது என்பதை அமெரிக்காவில் 2007இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. செயற்கை மூட்டைச் சுற்றி முறிந்த 106 பேரில் 12 பேர் ஓராண்டுக்குள் இறந்தனர். அஃதாவது 100க்கு ஏறத்தாழ 11 பேர். இயற்கையான இடுப்பு முறிந்தவர்களில் 100க்கு 16 அல்லது 17 பேர் இறந்தனர். முறிவேதுமின்றி மூட்டு மாற்றியோரில் 100க்கு 3 பேர்கூட இல்லை. வைத்தியசாலையிற் சேர்ந்து இரண்டு நாளுக்கு மேல் சத்திரசிகிச்சை தாமதித்தோருக்கு இறப்பு மிகுந்தது என்பதும் அவ்வாய்விற் புலனாயிற்று. கூப்பர் காலத்துப் படுக்கை, இரண்டு நாட்களுக்குள்ளும் தன் வேலையைத் தொடங்கிவிடுகின்றது.

ஆகவே கைதேர்ந்த சத்திரவைத்தியர் படத்தை மட்டும் நம்பி அமைவதில்லை. நோயாளியிடமோ வீட்டாரிடமோ முதலில் ஒரு வினாவைக் கேட்கின்றார்: விழுவதற்கு முன்னரே தொடையில் நோவு இருந்ததா? இருந்ததாயின் தண்டு கழன்றிருத்தல் கூடும். ஐயம் தீராவிடின், மேசையில் முறிவைத் திறக்கும்போது மூட்டையும் திறக்கின்றார். பந்தைக் கிண்ணத்தினின்று வெளியே எடுத்து, தண்டின் மேல்முனையைக் கையாற் பற்றித் திருகி அசைத்துப் பார்க்கின்றார். அசையாதாயின் தகட்டை எடுக்கின்றார். அசையுமாயின் தகட்டைத் தட்டிலேயே விட்டுவிட்டு, நீண்ட தண்டைக் கொணருமாறு தாதியைப் பணிக்கின்றார்.